ஒரு வாய் டீயும் ஒரு பை ரத்தமும்

எங்கள் தெருமுனையில் அன்று காலை ஒரே ஒரு ஆட்டோதான் நின்றது. மழை பெய்து ஓய்ந்த நேரம். சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு, “குந்துங்க சிஸ்டர்” என்றார் டிரைவர். நான் யூனிஃபார்மில் இல்லை. நர்ஸ் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே ஏறினேன்.

புதுப்பட்டினம் கடைத்தெரு வழியாக வண்டி போனது. மீன் கூடைகளிலிருந்து வழிந்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்ட் வந்ததும் என்ஜினை நிறுத்தினார். நான் இறங்கப் போனேன்.

“சிஸ்டர், என்னைத் தெர்லியா?”

பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண்களை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஏகாம்பரம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வந்து, பிறகு இறந்துபோன அம்சவேணியின் கணவர்.

“உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல கீது.”

“கேளுங்கண்ணே.”

“ஆபரேசன் பண்ண பொம்பளைக்கு ஒரு வாயி டீ குட்தா, செத்துப்பூடுமா?”

செங்கல்பட்டு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்வதற்குச் சில மாதங்கள் பின்னால் போகவேண்டும்.

இரண்டு வேணிகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் நாகர்கோவில்காரி. வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் இந்தக் கடற்கரைக்கு வந்தவள். வந்த புதிதில் ஒரு நோயாளி, “இன்னா சிஸ்டர், சும்மா ஊசி குத்திக்கினே கீறியே” என்று கேட்டதற்கு, என்னவோ திட்டுகிறார் என்று நினைத்து மருந்து அறைக்குள் போய் அழுதேன். அது உரிமையில் கேட்பது என்று சொல்லித் தேற்றியவள் ரோஸ்லின்.

ரோஸ்லின் என்னைவிடச் சின்னவள். செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் அவள்தான். அவள் சிரித்தால் வார்டு முழுக்கக் கேட்கும். அதற்காகவே பெரிய டாக்டரிடம் திட்டு வாங்குவாள். திட்டு வாங்கிவிட்டு வந்து அதையும் சொல்லிச் சிரிப்பாள்.

நாங்கள் வேலை பார்த்தது செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். இன்று அந்தக் கட்டடமே இல்லை. பெண்கள் வார்டின் ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று வரும். கூடவே ரயில் சத்தமும் வரும்.

அந்த வாரம் இரண்டு பெண்களுக்குக் கர்ப்பப்பையை நீக்கும் ஆபரேஷன் நடந்தது. ஒருத்தி புதுப்பட்டினத்து அம்சவேணி. மற்றவள் திருப்போரூர்ப் பக்கத்துக் கிருஷ்ணவேணி. அடுத்தடுத்த கட்டில். இருவருக்கும் உடம்பில் ரத்தம் குறைவு, ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வார்டில் இருவரையுமே எல்லோரும் வேணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

அம்சவேணி சவுக்குத் தோப்புகளில் கூலி வேலைக்குப் போனவள். உள்ளங்கை காய்த்துக் கெட்டியாக இருக்கும். ஊசி போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ரேவதி, ரேவதி” என்று மகள் பெயரைச் சொல்வாள். சாமி பெயரைச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மகள் பெயரைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“சிஸ்டர், வயித்துலேர்ந்து எட்த்தத இன்னா பண்ணுவீங்கோ? நான் ஒரு வாட்டி பாக்கலாமா?”

“எதுக்கும்மா?”

“என் பொண்ணு குந்திக்கினு இருந்த வூடாச்சே அது.”

அந்த மதியம்

ஆபரேஷனுக்கு மறுநாள். ரோஸ்லின் காலை ஷிஃப்ட். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை அன்று அவள் தனியாகப் பார்த்தாள். கூட இருக்க வேண்டியவள் லீவு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தார். வேறொரு கட்டிலில் ஒரு கிழவி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ரத்த வங்கியிலிருந்து பை வந்தது. கிருஷ்ணவேணியின் தம்பி ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு பேர் சேர்ந்து, நோயாளியின் கட்டில் அருகில் நின்று, பையையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. டியூட்டி டாக்டர் நாற்காலியைவிட்டு எழாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையில் பெயர்ப்பட்டை கட்டும் வழக்கமெல்லாம் அப்போது அங்கே கிடையாது.

ரோஸ்லின் பையோடு கட்டிலருகே போனாள்.

“வேணிதானே?”

வலி மருந்தின் மயக்கத்தில் கிடந்த அம்சவேணி, “ஆமா சிஸ்டர்” என்றாள்.

பொய் இல்லையே. அவளும் வேணிதான். ஆனால் பையில் எழுதியிருந்தது கிருஷ்ணவேணி என்று. அது பி பாசிடிவ் ரத்தம். அம்சவேணியின் உடம்பில் இருந்தது ஓ பாசிடிவ். அதற்குப் பி சேராது.

ரத்தத்தைச் சொட்ட விட்டுவிட்டு ரோஸ்லின் அந்தக் கிழவியிடம் ஓடினாள்.

ஏகாம்பரம் மனைவியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஏதாவது கொடு என்று அவள் கேட்டிருக்கிறாள். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவள் மறுபடி மறுபடி கெஞ்சியதில் மனசு கேட்காமல், பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் டீ ஊற்றி வாயில் வைத்தார். ஒரு வாய் குடித்தாள்.

அதன்பின் நடுக்கம் வந்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம்.

“முதுகு வுட்டுப்போவுது. நெஞ்ச அடைக்கிது. இன்னாமோ ஆவுதுய்யா எனக்கு.”

அவர் ஓடிப்போய் ரோஸ்லினிடம் சொன்னார். கிழவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ரோஸ்லின் திரும்பாமலே சொன்னாள்: “ரத்தம் ஏறுனா குளிரத்தான் குளிரும். போர்வை போத்துங்க, தோ வந்துகினே கீறேன்.”

அவர் போர்த்தினார். அம்சவேணி ரத்தக் குழாயைக் காட்டி, “இத எட்த்துடச் சொல்லு” என்றாள்.

“கம்முனு பட்த்துக்கோ. ரத்தம் ஏறுனா எல்லாம் சரியாப்பூடும்” என்றார்.

மதிய ஷிஃப்டுக்கு நான் வார்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். முதலில் என் கண்ணில் பட்டது கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை. காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. சேராத ரத்தம் ஏறினால்தான் சிறுநீர் அப்படிக் கறுக்கும். கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிப்போய் ரத்தக் குழாயை மூடினேன்.

“உங்க முழுப்பேரு என்னம்மா?”

“அம்சவேணி.” சொல்லும்போது பல்லோடு பல் அடித்தது.

பையைத் திருப்பிப் படித்தேன். எனக்கு எதிரே வந்து நின்ற ரோஸ்லினும் படித்தாள்.  கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அதன்பிறகு நான் கேட்கவில்லை.

குழாயை மாற்றி, சலைன் ஓடவிட்டு, டாக்டர்களைக் கூப்பிட்டோம். சென்னைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஏற்றும்போது அம்சவேணி என்னைத் தேடினாள்.

“சிஸ்டர், ரேவதி பள்ளிக்கூடம் வுட்டு வந்துடும். வூட்டாண்ட ஆரும் இல்ல.”

சென்னையில் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போய், சில நாளில் இறந்தாள்.

கிருஷ்ணவேணி அவளுக்குரிய ரத்தம் ஏற்றிக்கொண்டு நல்லபடியாக வீடு போனாள். “பக்கத்து வேணி எங்க சிஸ்டர்?” என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னோம்.

பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். “நடந்ததை அந்தக் குடும்பத்துக்கிட்ட நான் சொல்றேன். அது டாக்டர் சொல்ல வேண்டியது” என்றார். அவர் சொல்லிவிட்டார் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அந்த வாரமே ரோஸ்லினை வேலையைவிட்டு அனுப்பினார்கள். உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்ட டாக்டர் அங்கேயே இருந்தார்.

ரத்தம் கிடைத்த விதம்

அந்தக் காலத்தில் ரத்தம் கிடைப்பது லேசில்லை. நோயாளிக்கு ஒரு பை வேண்டுமென்றால் வீட்டு ஆள் யாராவது ஒரு பை கொடுக்க வேண்டும். மீசை முறுக்கிக்கொண்டு வந்த மாமன் மச்சான்கள் எல்லாம் ரத்தம் என்றதும், “தோ நாஸ்தா துன்னுட்டு வந்துடறேன்” என்று போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ரத்தம் விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். வெளிறிய முகத்தோடு ரத்த வங்கி வாசலில் நிற்பார்கள். உறவுக்காரர் என்று பொய் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ரத்தத்தில் என்ன நோய் இருந்ததோ, அது ஏறிய உடம்புகள் பின்னால் என்ன பாடுபட்டனவோ. அதை எழுதினால் தனி அத்தியாயம் ஆகும்.

ஏகாம்பரம் ஓடவில்லை. வந்த அன்றே போய்க் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மனைவியிடம் வந்து நின்றார். “என் ரத்தம் உனுக்கு ஏறப்போவுது. இனிமே நான் சொன்னா நீ கேட்டுத்தான் ஆவணும்” என்றார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொடுத்த ரத்தம் அப்படியே அவளுக்குப் போகாது, பரிசோதனை முடிந்து பொதுச் சேமிப்புக்குப் போகும், அவளுக்குப் பொருந்துகிற வேறொரு பைதான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மதியம் சொட்டிக்கொண்டிருந்த பையைப் பார்த்து, அது தன் ரத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கேளம்பாக்கத்து வகுப்பு

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில், புது நர்ஸ்களுக்கும் வீடுகளுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். ரத்தம் ஏற்றும் பாடம் வரும் நாளில் எனக்குக் காலையிலேயே சாப்பாடு இறங்காது.

“‘உங்கள் பெயர் குமாரா?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேளுங்கள்” என்று தொடங்குவேன். நோயாளி மயக்கத்தில் ஆமாம் என்பார். காது கேட்காமலும் ஆமாம் என்பார். நர்ஸ் கோபித்துக்கொள்வாளோ என்று பயந்தும் ஆமாம் என்பார். அவர் வாயால் முழுப் பெயரும் வரவேண்டும். கைப்பட்டையிலும் பையிலும் அதே பெயர், அதே எண், பொருந்தும் குரூப் இருக்க வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டும், அதுவும் கட்டிலருகே நின்று.

“பேச முடியாதவங்கன்னா, மேடம்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கூட இருக்கிறவங்களைக் கேளு. கைப்பட்டையைப் பாரு. இரண்டும் ஒத்துவரலைன்னா ஏத்தாதே. டாக்டர் அவசரப்படுத்தினாலும் ஏத்தாதே.”

ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் கால்மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள் என்பேன். குளிரில் இருக்கும் பையைச் சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்காதீர்கள். அதே குழாயில் வேறு மருந்து போடாதீர்கள். நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், உடம்பில் தடிப்பு, எது வந்தாலும் முதலில் குழாயை மூடுங்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பையைக் குப்பையில் போடாதீர்கள், ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்புங்கள்.

ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எனக்கு என்னவோ ஆகிறது என்று ஒரு நோயாளி சொன்னால், அதையும் நோய்க்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்த இடத்தில் என் குரல் மாறிவிடும். பிள்ளைகள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். காரணம் சொன்னதில்லை.

மறுபடியும் பஸ் ஸ்டாண்ட்

“டீ குடிச்சா சாக மாட்டாங்கண்ணே” என்றேன். “யார் சொன்னது உங்ககிட்ட?”

“பெரிய டாக்டரு கேட்டாரு சிஸ்டர். ‘வாயில எதுனா குட்தியா’ன்னு. ஆமா சார், ஒரு வாயி டீன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. தலைய மட்டும் ஆட்டினாரு. ‘இதயம் தாங்கல’ன்னாரு. அவ்ளோதான்.”

 ஒரு தலையாட்டலை வைத்தே ஒரு மனிதனைக் கொலைகாரனாக்கி அனுப்பியிருந்தார்கள்.

மீதியை அவரே சொன்னார். அடக்கத்தன்று, மனசு தாங்காமல், செய்யூரிலிருந்து வந்திருந்த மச்சான் நடேசனிடம் டீ கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார். நடேசன் அம்சவேணியின் அண்ணன். எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்திருக்கிறார். “எந்தங்கச்சிய கொன்னவன் கையில பொண்ண வுடமாட்டேன்” என்று ரேவதியைச் செய்யூருக்குக் கூட்டிப்போய்விட்டார். இவர் போய்ப் பார்த்தால் உள்ளே விடுவதில்லை.

“மச்சான் மேல கோவம் இல்ல சிஸ்டர். அவரு தங்கச்சி. என் ரத்தத்துலயே இன்னா கெடுதல் இருந்துதோ. எப்பவாச்சும் குடிப்பேன் நான்.”

அங்கேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பை மாறியது, பெயர் பார்க்காதது, அந்த ரத்தம் அவருடையது அல்ல என்பது, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “நல்ல மனசு சிஸ்டர் உங்களுக்கு. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்கோ” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ரோஸ்லின் ஊருக்குப் போனேன். அந்த மாதத்தோடு அந்த வேலையையும் விட்டேன்.

ரோஸ்லின் வந்தாள்

ரோஸ்லின் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல, கையில் பிழிந்த துணியை வைத்துக்கொண்டே நின்றாள்.

“அவங்களுக்குத் தெரியாதாக்கா? நான் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு கீறேன். தெருவுல ஆட்டோ சத்தம் கேட்டாலே அவருதான் என்னைக் கேக்க வந்துட்டாருன்னு உள்ள ஓடுவேன்.”

“நான் சொன்னா நம்பலை, ரோஸ்லின்.”

“நான் சொன்னா நம்புவாரு.”

அவளுடைய அம்மா குறுக்கே வந்து கையைப் பிடித்தார். “வேணாம்டி. போலீசு, கேசுன்னு ஆயிடும். எல்லாம் மறந்து கீறாங்கோ. நீ போயி இன்னாத்துக்குக் கிளர்றே?”

“அவரு மறக்கலம்மா” என்று சொல்லிவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

ஏகாம்பரத்தின் வீடு ஒற்றை அறை. சுவரில் ரேவதியின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. ரோஸ்லின் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“பையில இருந்த பேரை நான் பாக்கல. வேணிதானேன்னு கேட்டேன், ஆமான்னாங்க, ஏத்திட்டேன். அது பக்கத்துக் கட்டில் ஆளுக்கு வந்த ரத்தம், வேற குரூப்பு. அதான் அவங்க செத்தாங்க. உங்க டீ ஒண்ணும் பண்ணல. உங்க ரத்தமும் இல்ல அது.”

ஏகாம்பரம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் ஓடியாந்து சொன்னேனே உன்னாண்ட. குளுருதுன்னு.”

“சொன்னீங்க.”

“அப்பவே நிறுத்தியிருந்தா?”

“பொழைச்சிருக்கலாம். தெரியல. ஆனா அப்பவே நான் நிறுத்தியிருக்கணும்.”

“எட்த்துடச் சொல்லுன்னு அவளே சொன்னா. கம்முனு பட்த்துக்கோன்னேன். நான் உன்ன நம்பித்தானே அப்படிச் சொன்னேன்?”

“ஆமாண்ணா. என்ன நம்பித்தான் சொன்னீங்க. அதுவும் எந்தப்புதான்.”

அவர் எழுந்து பின்பக்கம் போனார். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சட்டை சொட்டச் சொட்ட வந்து நின்றார். அடிப்பாரோ என்று நான் ரோஸ்லினுக்கு முன்னால் நகர்ந்தேன்.

“என்னாண்ட சொன்னா போதாது. செய்யூர்ல போயி சொல்லு” என்றார்.

செய்யூர்

மதுராந்தகம் போய் அங்கிருந்து செய்யூர் பஸ் பிடித்தோம். ஏகாம்பரம் வரவில்லை. வந்தால் வாசலிலேயே சண்டை ஆகும், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது என்றார். வழியெல்லாம் சவுக்கும் நெல்லும் கடலைக்காடும். ரோஸ்லினின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

நடேசன் வீட்டு வாசலில் பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகள் குவிந்திருந்தன. அவரும் மனைவி கனகாவும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் எண்ணெய் வைக்காத தலையோடு ஒரு சிறுமி. அம்சவேணியின் நெற்றி அப்படியே. ரேவதி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஆரு நீங்கோ? இன்னா விசயம்?” என்றார் நடேசன்.

குழந்தையை உள்ளே அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்கள். ரோஸ்லின் புதுப்பட்டினத்தில் சொன்னதையே சொன்னாள். வார்த்தைகூட மாறவில்லை. வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

முதலில் எழுந்தது கனகா. கையில் இருந்த செடியை வேர் மண்ணோடு ரோஸ்லின் முகத்தில் வீசினார். “படிச்சவதானே நீ? ஒரு பேரப் படிக்க முடியாது உனுக்கு?” என்று தோளைப் பிடித்துத் தள்ளினார். ரோஸ்லின் விழுந்து எழுந்தாள். முகத்து மண்ணைத் துடைக்கவில்லை. நான் இருவருக்கும் நடுவே போய்க் கனகாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் மேல் சாய்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

நடேசன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“சொல்லாமயே இருந்துருக்கலாமே. ஆருக்குத் தெரியப்போவுது? இன்னாத்துக்கு வந்தே?”

“அவரு டீ குட்துதான் செத்தாங்கன்னு நெனச்சிக்கினு கீறாரு. நீங்களும் நெனச்சிக்கினு கீறீங்க. கொழந்தையும் அப்படியே நெனச்சி வளந்துடும்.”

நடேசன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அடித்த கை.

“போங்க” என்றார். பிறகு மறுபடியும், மெதுவாக, “போங்கம்மா, போயிடுங்க.”

திரும்பும் பஸ்ஸில் ரோஸ்லின், “பொண்ண அனுப்ப மாட்டாங்க போலக்கா” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் செங்கல்பட்டில் இறங்கிப் போனாள். தலையில் இன்னும் மண் இருந்தது.

பிறகு

ஏகாம்பரம் வழக்குப் போட்டார். ரோஸ்லின் வந்து, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னாள். டியூட்டி டாக்டர் எழுந்து வராததையும் சொன்னாள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு சமரசத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அதற்குள் அந்த ஆஸ்பத்திரியையும் மூடியிருந்தார்கள்.

ரோஸ்லின் தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றுகிற வேலை. நர்ஸாக எங்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். “வேணாங்க்கா” என்பதோடு முடித்துக்கொள்வாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. செய்யூருக்குப் போய்வந்து சில வாரம் கழித்து நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு நாள் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஏகாம்பரம். தாடியை எடுத்திருந்தார். பின் சீட்டில் யூனிஃபார்மும் இரட்டைச் சடையுமாக ரேவதி உட்கார்ந்திருந்தாள். சடை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தது. அவர் கையால் பின்னியது என்று பார்த்தாலே தெரிந்தது.

“மச்சானே கூட்டியாந்து வுட்டாரு சிஸ்டர். வாசல்ல நின்னுக்கினு ஒண்ணும் பேசல. கொழந்த கையப் புட்ச்சி என் கையில வச்சிட்டு, அப்படியே திரும்பிப் போயிட்டாரு.”

 ரேவதியின் கன்னத்தைத் தொட்டேன். அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏகாம்பரம் வண்டியிலிருந்து இறங்கி, குழந்தைக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

“அந்த சிஸ்டர பாப்பீங்களா?”

“பாப்பேன்.”

“நான் மன்னிக்கலன்னு சொல்லிடுங்க. நெறைய யோசிச்சேன், என்னால முடியல. பொய் சொல்லக் கூடாது, அத்தொட்டு சொல்றேன்.” ஆட்டோவில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். “பொண்ணு வூட்டுக்கு வந்துட்சின்னும் சொல்லிடுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லினைப் பார்த்தபோது இரண்டையும் சொன்னேன். முதலாவதைக் கேட்டு, சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். இரண்டாவதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.